வாசிப்பு வட்டம் தொடங்கும் முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் தருமபுரியில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினேன். முதல் கூட்டத்திலேயே அது உடைந்துபோனது. கைக்காசு 7,250 ரூபாய் போனது. இருபது வருடத் தோழி ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. என் கணவருக்குப் பள்ளியில் பாடம் நடத்திய ஒரு பெரியவரைப் பத்துப் பேர் முன்னால் புண்படுத்தினேன். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். அதனால் இந்தக் கவலையெல்லாம் ராத்திரி நான் ஒருத்தியாகத்தான் சுமந்தேன். வாசிப்பு வட்டம் நடத்திப் பழகியவர்கள் யாரையும் அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நம் பக்கத்திலும் நிறையப் பேர் இப்படித் தொடங்க ஆசைப்படுகிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்ட புத்தகம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கல்லூரியில் படிக்கும்போது சேலத்துக்கும் தருமபுரிக்கும் பஸ்ஸில் போய்வருகிற நேரத்திலேயே படித்து முடித்த நாவல் அது. 1973-இல் நூலாக வந்தது. சென்னையில் ஒரு தெரு, அங்கே தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று அக்காள் தங்கை இரண்டு பேர், பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று ஜமுனாவை அழைத்துப் போகிற பாஸ்கர் ராவ். இவ்வளவுதான் கதை. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். சினிமாவின் ஓரத்தில் நின்று காத்திருப்பவர்களை அவருக்கு நன்றாகவே தெரியும். நாவல் சின்னது, நம் மாவட்டத்துக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிதில்லை, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மையான காரணம். நீங்கள் உயிராக நேசிக்கிற புத்தகத்தை முதல் கூட்டத்துக்கு வைக்காதீர்கள். ஒருவர் அதைக் குறை சொல்லும்போது உங்களையே சொன்னதுபோல வலிக்கும், அந்த வலியோடு கூட்டத்தை நடத்த முடியாது. எனக்கு அதுதான் நடந்தது.

காலை நடைக்கு வருகிறவர்கள், அலுவலக நண்பர்கள், மகளின் பள்ளியில் பழக்கமான அம்மாக்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிச் செய்தி போட்டேன். இருபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதை நம்பி இருபது பிரதி வாங்கினேன், கழிவு போக ஒன்று 150 ரூபாய், மொத்தம் 3,000. புத்தகம் இல்லை என்ற சாக்கு யாருக்கும் இருக்கக்கூடாது என்று சும்மாவே கொடுத்தேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சின்ன ஹால், அரை நாளுக்கு 2,000. ஃபிளெக்ஸ் பேனர் 480. டீ, கேசரி, நிப்பட்டு 1,150. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் 620. நம் ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் இதெல்லாம் இருக்கும் என்பதால் எனக்கு வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை.

வந்தது பதினோரு பேர். அதில் முழுதாகப் படித்திருந்தவர்கள் ஐந்து பேர். கொடுத்த இருபது பிரதிகளில் இன்றுவரை திரும்பி வந்தவை ஏழு. யார் மீதும் கோபமில்லை. இலவசமாகக் கைக்கு வந்த புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவது இயல்புதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆசைப்பட்டுத் தன் காசில் ஒரு பிரதி வாங்கிய கல்லூரிப் பெண் இரண்டு தடவை படித்துவிட்டு வந்திருந்தாள். அதனால் புத்தகத்தைச் சும்மா கொடுக்காதீர்கள், பாதி விலையாவது வாங்குங்கள். முடியாதவர்களுக்கு நூலகத்திலிருந்து எடுத்துத் தரலாம். கட்டைவிரல் குறியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ‘வருகிறேன், முதல் முப்பது பக்கம் படித்துவிட்டேன்’ என்று யார் தானாக எழுதுகிறார்களோ அவர்களை மட்டும் எண்ணுங்கள்.

அன்று மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் நல்ல மனிதர், ஆனால் நாவலைப் படிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதியமானிடமிருந்து தொடங்கி, ஏரி, குளம், மழைநீர் சேகரிப்பு என்று ஐம்பது நிமிடம் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஆனால் நாங்கள் கூடியது அதற்கில்லை. அவர் முடித்தபோது பென்னாகரம் பக்கம் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் மைக்கை வாங்கி நானே முதலில் பேசினேன். இந்த நாவல் ஏன் மகத்தானது என்று பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்று சொல்ல நினைத்தவருக்கு என்னை எதிர்த்துப் பேசுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இது அன்று எனக்குப் புரியவில்லை.

முதலில் எழுந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா. “கதையே இல்லையேம்மா. தண்ணி வரல, தண்ணி வரல, பம்ப்ப அடிக்கறாங்க, குடத்தத் தூக்கறாங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் ஏதாவது நடக்கும்னு பாத்தேன்” என்றார். அவரைத் தொடர்ந்து, டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர், மெட்ராஸில் ஒரு தெருவில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததை நாம் இப்போது எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டார். என் தோழி தமிழாசிரியை. ஜமுனா போன்ற பெண்ணை மையமாக வைத்த கதையைத் தன்னால் மாணவிகளுக்குக் கொடுக்க முடியாது, பாஸ்கர் ராவ் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போகிறவள் மீது தனக்கு இரக்கமே வரவில்லை என்றாள்.

அன்றைய கூட்டத்தில் நிஜமாகவே சூடு பிடித்தது டீச்சரம்மா பற்றிய பேச்சில்தான். மனம் உடைந்து கிடக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்கிற இடம் ஒன்று வரும். தன்னைவிட மிகவும் மூத்த ஒருவரோடு கட்டி வைக்கப்பட்ட வாழ்க்கை. கல்லூரிப் பெண் எழுந்து, “நான் பட்டத விடவா நீ பட்டுட்டேன்னு சொல்றது ஆறுதலா மேடம்? எல்லாரும் பொறுத்துக்கிட்டோம், நீயும் பொறுத்துக்கோன்னுதானே அதுக்கு அர்த்தம்?” என்று கேட்டாள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு தங்கை அதை மறுத்தாள். யாரிடமும் சொல்லாததை ஒருத்தி இன்னொருத்தியிடம் வாய்திறந்து சொல்வதே பெரிய காரியம், அதைக் கேட்ட பிறகுதான் ஜமுனாவால் எழுந்து நடக்க முடிகிறது என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, மைக்கை வைத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு என்ன நினைவு வந்ததோ, நான் கேட்கவில்லை. இப்படி மனதைக் கிளறும் பகுதி இருந்தால் புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லாதவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அந்தத் தங்கை படியில் தனியாக உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரே இடத்தை இரண்டு பேர் இப்படி எதிரும் புதிருமாகப் படித்தது அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த வரம். அங்கேயே நிறுத்தி, அந்தப் பக்கத்தை யாராவது சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தால் கூட்டம் வேறு மாதிரி போயிருக்கும். நான் செய்தது வேறு. கதையே இல்லை என்று ஐயா சொன்னது மனதில் முள்ளாக இருந்தது. “இந்த மாதிரி நாவலைப் புரிந்துகொள்ள ஒரு வாசிப்புப் பயிற்சி வேண்டும் ஐயா” என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக, “அப்போ எங்களுக்குப் புரியலைங்கறீங்க” என்றார். ஹால் அமைதியாகிவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். டீ குடிக்காமலே கீழே இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் தொடங்கியது. ஒழுக்கக்கேடான நாவலைப் பரப்புகிறார்கள் என்று ஒருவர். இலக்கியம் தெரியாதவர்கள் எதற்கு வந்தார்கள் என்று இன்னொருவர், அவர் கூட்டத்துக்கே வராதவர். நடுவில் ஒருவர் சாதியை இழுத்தார். பன்னிரண்டே முக்காலுக்கு நான் போனை அணைத்தேன். காலையில் பார்த்தால் நூற்று நாற்பது செய்திகள், ஒன்பது பேர் வெளியேறியிருந்தார்கள். என் தோழியும் அதில் ஒருத்தி. யாரோ போட்ட படத்தில் முகம் தெரிந்ததால் கல்லூரிப் பெண்ணின் வீட்டிலும் கேள்வி வந்தது. இதெல்லாம் ஒரு நிமிட வேலையில் தடுத்திருக்கக் கூடியவை. குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடும்படி அமைத்து, தேதியும் இடமும் தவிர வேறு எதுவும் அங்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பற்றிய பேச்சு முகம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். படம் எடுப்பதென்றால் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். பெண்களிடம் இரண்டு தடவை கேளுங்கள்.

அடுத்த மூன்று வாரம் மிகவும் கஷ்டமாக இருந்தது. நானும் தோழியும் தினமும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம். அவள் அதற்கு முந்தைய பஸ்ஸில் போகத் தொடங்கினாள். மிச்சமிருந்த நிப்பட்டுப் பொட்டலம் அடுப்படியில் கிடந்தது, பிரிக்க மனம் வரவில்லை. படிப்பது என்பதே எனக்குச் சில நாள் வெறுத்துப்போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று பின்வரிசையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்த அங்கன்வாடி அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஒன்பது ராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு படித்தாராம். பள்ளி நோட்டுக்குப் போடுவதுபோலப் பழுப்பு அட்டை போட்டு, மூலைகளை மடித்துப் பசை வைத்து ஒட்டியிருந்தார். நடுவில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் பட்ட கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. கைப்பம்ப்பில் தண்ணீர் பிடிக்கும் பக்கம் அது. “துடைச்சுப் பாத்தேன் மேடம், போகல” என்றார். அதைத் துடைக்க வேண்டாம் என்றேன்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். அவர் பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். “அந்தத் தெருவுல தண்ணி வரல. எங்கூர்ல தண்ணி வந்துச்சு மேடம், அதுதான் எங்களக் கெடுத்துச்சு” என்றார். நம் மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம், ஆழ்துளைக் கிணற்றில் அது கரைந்து வரும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. சிறுவயதில் குடித்தால் பல்லில் காவி படியும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடித்து முதுகு வளையும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அக்காவின் மாமியார் கடைசி ஆறு வருடம் நிமிர்ந்து நடக்கவில்லை. 2008-இல் அடிக்கல் போட்டு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அவர் ஊருக்குக் குழாய் வந்த அன்று மாமியார் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, “சப்புனு இருக்குடி” என்றாராம். உப்புத் தண்ணீருக்குப் பழகின நாக்கு. இதைச் சொல்லிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாவல் பிடித்ததா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை உலுக்கியது. “பிடிச்சுது, பிடிக்கல ரெண்டும்தான். ஜமுனா மேல கோபம் கோபமா வந்துச்சு. சாயாதான் எனக்குச் சரி. ஆனா குடத்தோட நிக்கறப்போ எல்லாம் ஜமுனா ஞாபகம் வருது, சாயா ஞாபகம் வரமாட்டேங்குது.” என் மொத்தக் கூட்டத்திலும் எழுந்த சண்டை ஒரே வாசகிக்குள் இருந்திருக்கிறது, அங்கே அது சண்டையாகவும் இல்லை. “இத அன்னைக்கு ஏங்க்கா சொல்லல?” என்றேன். “மைக் இருந்துச்சு மேடம்” என்றார்.

கார்த்திகை மாதத்தில் தலைமையாசிரியர் ஐயா வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போய், நான் சொன்னது தப்பு ஐயா என்றேன். அவர் கோபத்தைக் காட்டவில்லை. “எனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைதாம்மா. அதுக்கு நான் படிக்காதவன்னு ஆயிடுமா?” என்றார். இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று மாதம் தள்ளிப்போட்டதுதான் இதில் நான் செய்த பெரிய தவறு. அந்த வாரமே போயிருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள்.

மாசியில் மறுபடி தொடங்கினோம். மண்டபம் வேண்டாம் என்று நூலகத்தில் கேட்டோம். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஏற்கனவே ஒரு ஏற்பாடு உண்டு, நூலகரிடம் பேசினால் ஒரு மூலையும் நாற்காலிகளும் கிடைக்கும், செலவு இல்லை. ஆறு பேர், வட்டமாக உட்கார்ந்தோம். பேனர், மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. டீச்செலவு ஆளுக்குப் பத்து ரூபாய். மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிடுவோம், வெளியூர்ப் பெண்களுக்கு வெளிச்சத்திலேயே பஸ் கிடைக்க வேண்டும். புத்தகம் முடிக்காதவர்களும் வரலாம், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதிலிருந்தே சில நாள் நல்ல பேச்சு கிளம்பிவிடும்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் குறித்து வைத்த ஒரு இடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அதற்குள் யாரும் குறுக்கே பேசக்கூடாது. பிடித்ததா இல்லையா என்ற கேள்வி இரண்டாவது சுற்றில்தான். இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது. புத்தகத்தின் வரி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து இல்லை. அதேபோல, ஜமுனா செய்தது சரியா என்பது ஒரு கேள்வி, ஜமுனாவை நம்பும்படி எழுதியிருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததால்தான் என் தோழியும் நானும் மோதிக்கொண்டோம். இப்போது பேச்சு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால், இப்போது எந்தக் கேள்வியில் இருக்கிறோம் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கூட்டத்தைக் கூட்டுகிறவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்பதும் எங்கள் ஏற்பாடு. எனக்கு அது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

மாசியில் நடந்த முதல் கூட்டத்துக்கு வேறு புத்தகம் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது, ஐயாதான் ‘தண்ணீர்’ நாவலையே வைக்கச் சொன்னார். வந்தார், கதை இல்லை என்று மறுபடியும் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அங்கன்வாடி அக்காவின் முறை வந்தபோது, மஞ்சள் ரேகை பட்ட அதே பிரதியை வாங்கி அந்தப் பம்ப் பக்கத்தைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல நிதானமாக இருந்தது. முடித்துவிட்டு மாமியார் குடித்த சொம்புத் தண்ணீரைச் சொன்னார். ஐயா சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அக்காவிடம், “அந்தப் பக்கம் எத்தனாவது பக்கம் தாயி?” என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

தோழி இன்னும் வட்டத்துக்கு வரவில்லை. பொங்கலுக்கு அவளே வீட்டுக்கு வந்தாள், இப்போது மறுபடி ஒரே பஸ்ஸில் போகிறோம். போன வாரம் பஸ்ஸில் என் பையைத் திறந்து, அடுத்த மாதத்துக்கு என்ன புத்தகம் என்று எடுத்துப் பார்த்துவிட்டு, பின்னட்டையைப் படித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு ரோட்டில் இறங்கும்போது அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள்.